பழைய கசெட் ரெக்கோடர் சுற்றவில்லையா? பெல்ட், ரோலர், மோட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே துணி போட்டு மூடிய ஒரு கசெட் ரெக்கோடர் இன்னும் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வேலைக்குப் போனவர்கள் கொண்டு வந்த பெட்டிகள் அவை. அங்கிருந்த காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட்டுகளும் அதே அலுமாரிக்குள்தான் கிடக்கின்றன. கோயில் சடங்கில் ஒருவர் மடியில் வைத்துப் பிடித்த கூத்துப் பதிவுகளும், அம்மம்மா பாடிய தாலாட்டும் அப்படித்தான்.

நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். பின்னேரங்களில் இந்தப் பெட்டிகளைத் திருத்துகிறேன். “கசெட் பழுதாப் போச்சு” என்று கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கசெட்டில் ஒரு பழுதும் இருப்பதில்லை, பெட்டிதான் ஓடாமல் நிற்கிறது. அது தெரியாமல் கசெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. இனி ஒருவரும் அப்படிச் செய்யக்கூடாது என்பதற்காகவே, வாசலிலும் தொலைபேசியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளே பட்டனை அமத்தினால் மோட்டர் இரைகிறது, கசெட் சுற்றவில்லை. என்ன பழுது?

பெரும்பாலும் பெல்ட். உள்ளே ஓட்டம் நடக்கும் விதத்தை ஒருக்கால் மனதில் பிடித்துக்கொண்டால் மிச்சப் பழுதுகளும் விளங்கிவிடும்.

மோட்டர் தண்டில் ஒரு சின்னக் கப்பி இருக்கிறது. அதிலிருந்து ஒரு றப்பர் பெல்ட் போய் ஒரு கனமான உலோகச் சில்லைச் சுழற்றுகிறது. அதுதான் ஃபிளைவீல். அதன் அச்சு கசெட் வைக்கும் இடம் வரை நீண்டு, மினுங்குகிற தடித்த ஊசி போலத் தெரியும். அதற்குப் பெயர் கேப்ஸ்டன். பிளே அமத்தும்போது ஒரு றப்பர் ரோலர் வந்து நாடாவைக் கேப்ஸ்டனோடு நெருக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீற்றர் வீதம் ஓடுகிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் இந்தக் கசெட்டை அறிமுகப்படுத்திய நாள் முதல் இதுதான் வேகம். அதனால்தான் ரியாத்தில் ஒரு பெட்டியில் பதிந்த குரலைக் கல்முனையில் வேறொரு பெட்டியில் கேட்க முடிந்தது. ஓடி வரும் நாடாவை வலது பக்கச் சுருள் சுற்றி எடுக்க வேண்டும். அதைச் சுழற்ற இன்னொரு சிறிய பெல்ட்டோ, றப்பர் வளையம் போட்ட ஐட்லர் சில்லோ, பற்சில்லோ இருக்கும்.

மோட்டர் இலேசில் சாவதில்லை. உலோகமும் அவ்வளவு தேய்வதில்லை. முதலில் போவது றப்பர்தான்.

எனக்கு இதில் பழக்கமே இல்லை. நானே செய்யலாமா?

செய்யலாம். தையல் மெசினுக்கு நூல் கோத்துப் பழகிய கைக்கு இது முடியும். மின்சாரத்தை மட்டும் மதிக்க வேண்டும். சுவரில் இருந்து வயரைக் கழற்றுங்கள், பற்றரிகளையும் எடுத்துவிடுங்கள். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வயர் வந்து சேரும் ட்ரான்ஸ்போமர் பக்கத்தில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. மூடி திறந்திருக்கும்போது ஓட்டிப் பார்க்க வேண்டி வந்தால் பற்றரியில் ஓட்டுங்கள்.

நட்சத்திரத் தலை ஸ்குறூ டிரைவர் இரண்டு அளவில், ஒரு சாமணம், பஞ்சு சுற்றிய குச்சிகள், பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட், ஒரு சீனிக்கோப்பை. கோப்பை ஸ்குறூக்களுக்கு. நீளமானவை எந்த ஓட்டையில் இருந்து வந்தன என்று ஒரு தாளில் படம் கீறி, அந்தப் படத்திலேயே குத்தி வைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு படியிலும் கைபேசியால் ஒரு படம் எடுங்கள். பெல்ட் எந்தக் கப்பியைச் சுற்றி எந்தப் பக்கமாகப் போகிறது என்பதைப் பூட்டும் நேரத்தில் ஞாபகத்தில் இருந்து எடுக்க முடியாது.

திறந்து பார்த்தேன். பெல்ட் இல்லை, தார் மாதிரி ஏதோ ஒட்டிக் கிடக்கிறது.

அந்தத் தார்தான் பெல்ட். பல வருடங்கள் ஈரக் காற்றில் கிடந்ததும் சில வகை றப்பர் கட்டு விட்டு உருகிப்போகிறது. ஓடாமல் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் உருகும்.

போன மாரியில் ஏறாவூரில் இருந்து ஒரு ராத்தா ஒரு பெட்டியைத் துணிப்பையில் கொண்டு வந்தார். மூடியைக் கழற்றியதும் ஃபிளைவீலைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு கோடு, மோட்டர் கப்பியில் ஒரு கட்டி, அடியில் இருந்த சர்க்கிட் தட்டில் இரண்டு சொட்டு. சாமணத்தால் தொட்டு இழுத்தேன். கித்துள் பாணி மாதிரி நூலாய் நீண்டு வந்தது. விரலில் பட்ட இடம் மூன்று நாள் கழுவியும் போகவில்லை. ஆகவே முதலில் பழைய பேப்பரை விரியுங்கள், கையுறை போடுங்கள், நல்ல உடுப்போடு இருக்காதீர்கள்.

துடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட்டியாக இருப்பதை முதலில் உலர்ந்த ஈர்க்குச்சியால் வழித்து எடுங்கள். ஸ்பிரிட் ஊற்றினால் கட்டி கரைந்து எல்லா இடமும் பரவும், அதனால் அது பிறகுதான். மிச்சம் இருக்கும் மெல்லிய படையைப் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். ஒரு குச்சியை ஒரு தடவைக்கு மேல் பாவிக்காதீர்கள். ராத்தாவின் பெட்டிக்கு எனக்கு அறுபது குச்சிக்கு மேல் போனது. கப்பியில் பெல்ட் உட்காரும் பள்ளமான தவாளிப்பு முக்கியமான இடம். அங்கே ஒரு பொட்டுத் தார் மிஞ்சினாலும் புதுப் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை துள்ளும், குரல் நடுங்கும். நகப்பூச்சு அகற்றும் அசெற்றோனைக் கொண்டு போகவே வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

பழைய பெல்ட்டே இல்லாதபோது புதியதன் அளவை எப்படி எடுப்பது?

நூலால். கட்டியான தையல் நூலை எடுத்து, பெல்ட் போகும் வழியிலேயே எல்லாக் கப்பிகளையும் சுற்றி, தொய்வில்லாமலும் இழுக்காமலும் பிடித்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் பேனையால் அடையாளம் போடுங்கள். நூலை நீட்டி அளந்து பாருங்கள். புதுப் பெல்ட்டின் உட்சுற்றளவு அதைவிட 5 முதல் 8 சதவீதம் குறைவாக இருந்தால் சரியான இறுக்கம் வரும்.

நூல் 240 மில்லிமீற்றர் வந்தது என்று வையுங்கள். அதில் 6 சதவீதம் குறைத்தால் கிட்டத்தட்ட 226. கடைக்காரர் விட்டம் கேட்டால் 226ஐ 3.14ஆல் பிரியுங்கள், 72 மில்லிமீற்றர். மட்டமான கப்பிக்குத் தட்டைப் பெல்ட், தவாளிப்பு உள்ளதற்குச் சதுரப் பெல்ட். சிறிய பெட்டிகளில் சதுரப் பெல்ட்டின் தடிப்பு பெரும்பாலும் 1.2 மில்லிமீற்றர் அளவில் வரும்.

மிச்சம் இறுக்கமான பெல்ட் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அது மோட்டர் தண்டைத் தாங்கும் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தின்னும், வேகமும் குறையும்.

றப்பர் பேண்ட் போட்டால் என்ன? சைக்கிள் ட்யூபை வெட்டிப் போடலாமா?

பழுது பெல்ட்தானா என்று ஒரு நிமிடம் பார்ப்பதற்கு றப்பர் பேண்ட் போடலாம். பார்த்தவுடன் கழற்றிவிடுங்கள். அதன் தடிப்பு ஓரிடத்தில் போல் இன்னோரிடத்தில் இல்லை, குரல் அலையும். ட்யூப் வளையமும் அப்படித்தான், எவ்வளவு கவனமாக வெட்டினாலும் கத்தரி போன இடம் தெரியும். கல்முனையிலும் மட்டக்களப்பு நகரத்திலும் ரேடியோ திருத்தும் பழைய கடைகளில் பெல்ட் பொதிகளைக் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் இணையத்தில் கலந்த அளவுப் பொதியாக வாங்கலாம். ஐட்லர் சில்லின் றப்பர் வளையத்துக்கு மட்டும், அளவு பொருந்தினால், தண்ணீர்க் குழாய்க்காரர் பாவிக்கும் ஓ-ரிங் நன்றாக வேலை செய்கிறது.

பாட்டு ஓடுகிறது, ஆனால் குரல் அழுகிற மாதிரி அலைகிறது.

அலைவை எண்ணுங்கள். எந்தச் சில்லில் பழுது என்பதை அதுவே சொல்லும். கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு ஒரு நீண்ட சுரத்தைக் கேளுங்கள், நாதஸ்வரம் அல்லது ஆர்மோனியம் என்றால் நல்லது.

இரண்டு மூன்று விநாடிக்கு ஒருக்கால் மெதுவாக இழுத்தால் சுருள் பக்கம். கசெட்டே இறுகியிருக்கலாம், அல்லது சுருளின் அடியில் உள்ள கம்பளித் துண்டு தேய்ந்து ஒரு நேரம் பிடித்து ஒரு நேரம் விடலாம். விநாடிக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல் என்றால் றப்பர் ரோலரைப் பாருங்கள். 13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரோலர் ஒரு சுற்றில் 41 மில்லிமீற்றர் நாடாவை விடுகிறது, நாடா விநாடிக்கு 47.6 மில்லிமீற்றர் ஓடுகிறது, கணக்கு அப்படித்தான் வரும். எண்ண முடியாத வேகத்தில் ஆட்டுக்குட்டி கத்துவது போல நடுங்கினால் கேப்ஸ்டன். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள கேப்ஸ்டன் விநாடிக்கு ஏழரைத் தடவை சுழலும். அதில் பழைய நாடாவின் மண்ணிறத் தூசி ஒரு பக்கமாக ஒட்டியிருந்தாலே போதும். பெரும்பாலும் ஸ்பிரிட் தொட்ட குச்சியால் துடைத்ததும் தீர்ந்துவிடும். நமது கடற்காற்றில் துரு பிடித்துக் குழி விழுந்திருந்தால், அந்த ஃபிளைவீலை வேறு பெட்டியில் இருந்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. கேப்ஸ்டனைச் சாண்ட் பேப்பரால் தேய்க்கக் கூடாது, விட்டம் மாறினால் வேகமும் மாறும்.

றப்பர் ரோலரைத் திருத்த முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கண்ணாடி மாதிரி மினுங்கினால் முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். ஸ்பிரிட் அடிக்கடி பட்டால் றப்பர் காய்ந்து வெடிக்கும். கழுவியும் வழுக்கினால் 400 நம்பர் சாண்ட் பேப்பரால் ஒரே அளவு அழுத்தத்தில் இலேசாக ஒரு சுற்று. வெடிப்பு, பள்ளம், பிசுபிசுப்பு இருந்தால் மாற்றுங்கள். வெளிவிட்டம், அகலம், நடு ஓட்டை ஆகிய மூன்று அளவும் சொன்னால் கிடைக்கும். பள்ளம் ஏன் விழுகிறது தெரியுமா? பிளேயில் வைத்தபடி மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். ரோலர் அவ்வளவு காலமும் கேப்ஸ்டனை நெரித்துக்கொண்டே இருக்கிறது. எப்போதும் ஸ்டொப் அமத்திவிட்டு எழும்புங்கள்.

பெட்டி நாடாவைத் தின்கிறது.

இதுதான் கசெட்டைக் கொல்கிற பழுது. கேப்ஸ்டன் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க, வலது சுருள் சுற்றி எடுக்காவிட்டால் வந்த நாடா போக இடமில்லாமல் கேப்ஸ்டனையோ ரோலரையோ சுற்றிக்கொள்ளும். கசெட் போடாமல் பிளே அமத்தி, வலது பக்க முளையை விரலால் இலேசாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் நிற்க வேண்டும், விட்டால் உடனே சுழல வேண்டும். விட்டும் தயங்கினால் ஐட்லர் வளையத்தைத் துடையுங்கள், இல்லையேல் சிறிய பெல்ட்டை மாற்றுங்கள்.

ஏற்கெனவே சிக்கிவிட்டதா? மூடியைப் பிடித்து இழுக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி, ஸ்டொப் அமத்தி, பின் மூடியைக் கழற்றி, ஃபிளைவீலையும் ரோலரையும் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றினால் சுற்றிய நாடா கழன்று வரும். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர்தான், 90 நிமிடம் ஓடும் சி-90 கசெட்டில் அது 60 நிமிடச் சி-60இல் இருப்பதைவிட மெல்லியது, சி-120இல் இன்னும் மெல்லியது. கசங்கினால் விரலால் தடவி நேராக்கலாம், இழுபட்டால் திரும்பாது. அறுந்தால் நாடா ஒட்டும் தனி டேப் இருக்கிறது. சாதாரண செலோடேப்பின் பசை காலப்போக்கில் ஊறி அடுத்த சுற்றிலும் ஒட்டிவிடும்.

பற்சில்லு வெடித்திருக்கிறது, சூப்பர் குளூ போடலாமா?

பிடிக்காது. அந்த வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பசை நிற்பதில்லை. அதே மெக்கானிசம் உள்ள இன்னொரு பழைய பெட்டியைத் தேடுங்கள். வெளியே பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒன்றாக இருக்கலாம், படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணெய்?

தேங்காயெண்ணெய் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அது காய்ந்து பிசினாகிக் கேப்ஸ்டனை இறுக்கிப் பிடித்த பெட்டிகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. தையல் மெசின் எண்ணெயை ஊசி நுனியில் தொட்டு, கேப்ஸ்டன் அச்சு நுழையும் புஷ்ஷில் ஒரே ஒரு துளி. வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். பெல்ட்டிலோ ரோலரிலோ பட்டால் செய்த வேலை வீண்.

வேகம் சரியா என்று எப்படித் தெரியும்?

பல மோட்டர்களின் பின்பக்கம் ஒரு சிறிய ஓட்டை இருக்கும். உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி. ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்ப வேண்டியிருப்பதால் பிளாஸ்டிக் ஸ்குறூ டிரைவர் பாவியுங்கள். 3150 ஹேர்ட்ஸ் சுரம் பதிந்த சோதனைக் கசெட் கிடைத்தால், கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்து வைத்து, 3118க்கும் 3182க்கும் இடையில் கொண்டு வாருங்கள். அது ஒரு சதவீதத்துக்குள். சோதனைக் கசெட் இல்லாவிட்டால், கடையில் விற்ற பாட்டுக் கசெட் ஒன்றை ஓட்டி, அதே பதிவைக் கைபேசியில் போட்டு நேரத்தை ஒப்பிடுங்கள்.

வீட்டில் பதிந்த குரலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மின்சாரத்தில் ஓடிய பெட்டியில் பதிந்திருந்தால், ஆள் பேசாத இடங்களில் மெல்லிய ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கலாம். அது மின்சாரத்தின் இரைச்சல். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இங்கே பதிந்த கசெட்டில் அது 52 என்று காட்டினால், குரல் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். சவூதியில் 60 ஹேர்ட்ஸ், ஆகவே அங்கிருந்து வந்த கசெட்டில் 60ஐத் தேடுங்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடாமல், கணினிக்கு மாற்றிய பிறகு அங்கே வேகத்தைத் திருத்துவதே சுகம்.

நாடாவில் இருந்து குரலை எடுக்கும் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சிறிய ஸ்குறூ இருக்கும். அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. தொடாதீர்கள்.

கடற்கரை வீட்டில் பெட்டியை எப்படி வைப்பது?

வாடைக் காற்றுக் காலத்து ஈரம் றப்பருக்கும் நாடாவுக்கும் ஆகாது. கச்சான் காற்று அடிக்கும்போது வருகிற புழுதி கேப்ஸ்டனுக்கு ஆகாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, மாதம் ஒரு தடவை அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள், அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். வெள்ளத்தில் நனைந்ததை வெயிலில் காய வைக்கவும் வேண்டாம்.

திருத்தியாயிற்று. இனிக் கசெட்டைப் போடலாமா?

உங்கள் கசெட்டை இப்போது வேண்டாம். முதலில் போனாலும் கவலையில்லாத ஒரு கசெட், இரண்டு பக்கமும் முழுக்க. நாடா கசங்காமல் வந்தால் பிறகு உங்களுடையது. போடும் முன் அதன் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். உடைத்த கசெட்டில் ரெக்கோர்ட் பட்டன் இறங்காது, கை தவறினாலும் குரல் அழியாது. கையோடு கையாக இயர்போன் துளையில் இருந்து வயர் போட்டுக் கணினிக்குப் பதிவு செய்யுங்கள். முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்வது நல்லது, இரண்டாவது ஓட்டம் கிடைக்காமல் போகலாம்.

ஏறாவூர் ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, ஒருக்கால் போட்டுப் பாருங்களேன், அது வாப்பாட குரல்” என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். நான் ஒரு பழைய பாட்டுக் கசெட்டை இரண்டு பக்கமும் ஓட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. அவர் எழும்பாமல் கதிரையிலேயே இருந்தார். பிறகு அவருடையதைப் போட்டேன். கொஞ்ச நேரம் இரைச்சல். ஓர் இருமல். பிறகு வாப்பா ஸலாம் சொல்லிவிட்டு, மாரி வெள்ளாமை வெட்டியாச்சா என்று கேட்டார்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, என் ஒரு கசெட் மட்டும் இறுகி நிற்கிறது, குரலும் மங்கல்.

அப்படியானால் பழுது பெரும்பாலும் கசெட்டின் கூட்டில்தான், நாடாவில் இல்லை. கசெட்டை உள்ளங்கையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, பென்சிலைச் சுருளில் செருகி ஒரு தடவை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றுங்கள். குரல் மங்கல் என்றால் நாடாவின் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் சிறு கம்பளித் துண்டு விழுந்திருக்கலாம். ஐந்து ஸ்குறூ உள்ள ஒரு வெறும் கசெட்டைத் திறந்து, உங்கள் இரண்டு சுருளையும் நாடாவோடு அப்படியே தூக்கி அதற்குள் வையுங்கள். உங்கள் கசெட் ஸ்குறூ இல்லாமல் ஒட்டிய கூடாக இருந்தால் விளிம்பில் கத்தி நுனியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.